அச்சில் வராத வரிகள்

அக்டோபர் 14, திங்கள்

ஜெஸ்ஸி அக்காவின் நாற்காலியில் உட்கார இன்னும் பழகவில்லை. ஃபேர்லேண்ட்ஸில் மாடி ஆபீஸ். ஏப்ரலில் பனமரத்துப்பட்டி ரோட்டில் லாரி அவள் வண்டியை இடித்து அவள் போனதோடு அவள் வேலை பாதியில் நின்றது. பத்தாவதோடு படிப்பை விட்ட என்னை ஜெரால்ட் சார்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார். பழைய மாதா கோயில் பாட்டுப் புத்தகங்களை எக்ஸ்எம்எல் ஃபைலாக்க வேண்டும். எது தலைப்பு, எது பல்லவி என்று ஒவ்வொன்றுக்கும் குறி போட வேண்டும். ஆச்சரியக்குறியும் கோடும் போட்டு அதற்குள் நமக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு மட்டும் அச்சில் வராது.

இன்று அக்கா செய்த ஃபைலைத் திறந்தேன். நடுவில் அப்படி ஒரு வரி: "இங்க நிறுத்தியிருக்கேன். டீ."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. டீ கிளாஸ் வைத்த வட்டம் மட்டும் மேசையில் இருக்கிறது.

அக்டோபர் 15

அந்த மாதிரி வரிகள் இன்னும் இருக்கின்றன. யாரிடமும் சொல்லவில்லை. வேலை ஃபைலில் அரட்டையா என்று சார் அழிக்கச் சொல்லிவிட்டால்?

அக்டோபர் 18

கல்லறைத் திருநாள் பாட்டுகள். அதில் ஒன்றின் கீழே: "இந்தப் பாட்டு வந்தா அக்சி தலையைக் குனிஞ்சுக்குவா. ஆனா நல்லாப் பாடுவா, எனக்குத் தெரியும்."

அக்சி நான்தான். அக்சிலியா என்று முழுசாக அவள் கூப்பிட்டதே இல்லை. இப்போதும் எனக்குப் பின்னால் நின்று சொல்வது மாதிரியே இருந்தது.

அக்டோபர் 22

போச்சு.

அதே ஃபைலில் ஓர் எழுத்து தப்பு. புதிதாக வந்த சாஃப்ட்வேரில் திறந்து, திருத்தி, சேவ் செய்தேன். மறுபடி திறந்தால் அக்காவின் வரி ஒன்றுகூட இல்லை. அவள் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளிகள்கூட இல்லை. எல்லாம் ஒரே அளவாக அடுக்கி நிற்கிறது. நான் ஓர் எழுத்தைத்தானே தொட்டேன்?

பக்கத்து சீட் நவீன்குமார் அண்ணன் சிரித்தார். "அது அப்படித்தாங்க அம்மணி. படிக்கும்போதே வேண்டாததைக் கீழ போட்டுரும். சேவ் பண்றப்போ, மிச்சத்தைப் புதுசா எழுதிக்கும்."

"பழசு?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டீங்களே."

பாத்ரூமில் போய் அழுதேன்.

அக்டோபர் 25

அம்மா அக்காவின் நீலச் சுடிதாரைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். கத்திவிட்டேன். நான் கத்தி அம்மா பார்த்ததே இல்லை.

"அழுக்கா கெடந்துச்சுடி... நான் என்னடி பண்ணேன்?"

முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான்.

அம்மா என்ன பண்ணினாள்? நான் பண்ணினதைத்தான்.

அக்டோபர் 28

எல்லா ஃபைலையும் புது சாஃப்ட்வேரில் திறந்து சேவ் பண்ண வேண்டுமாம். "தீபாவளி லீவுக்கு முன்னாடி. ஒண்ணு விடாம," என்றார் சார். எல்லாரும் சரி என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? தண்ணி கேட்கவே மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறவள்.

அக்டோபர் 30

சொல்லிவிட்டேன்.

"சார்... அக்கா ஃபைலை அதுல சேவ் பண்ண வேண்டாங்க. அவ எழுதினது போயிடும்."

"என்ன எழுதினா?"

அவரே குனிந்து ஒரு ஃபைலைத் திறந்தார். ஐயோ, அந்த ஃபைல். அதில் அக்கா எழுதியிருந்தது: "ஜெரால்ட் சார் காலையிலயே கத்துறாரு. பாவம், சாப்பிடல போல."

நவீன் அண்ணன் சிரிப்பை அடக்க இருமினார். சார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சாப்பிடலதான் அன்னைக்கு," என்றார். பிறகு, "ஜெஸ்ஸி ஃபைலை யாரும் அதுல திறக்காதீங்க. நோட்பேட்ல தப்பை மட்டும் திருத்துங்க. மத்ததைத் தொட வேண்டாம்."

இருப்பது தப்பித்தது. கல்லறைப் பாட்டு ஃபைல் போனது போனதுதான்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அம்மா அக்காவின் கல்லறைச் சிலுவையைக் கழுவி செவ்வந்தி வைத்தாள். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. அந்தப் பாட்டைத் தொடங்கினார்கள். என் தலை தானாகக் குனிந்தது. யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது.

நவம்பர் 4

கல்லறைப் பாட்டு ஃபைலை நோட்பேடில் திறந்தேன். அவள் எழுதிய இடம் தெரியும். அவள் வரியையே திருப்பி எழுதலாம் என்றுதான் போனேன். கை வரவில்லை. அது அவள் சொன்னது.

ஆச்சரியக்குறி, கோடு. அதற்குள்: "தலையைத் தூக்கித்தான் பாடினேன் அக்கா. ரெண்டாவது சரணத்துலயிருந்து."

சேவ் செய்தேன். மூடினேன். பயந்துகொண்டே திறந்து பார்த்தேன்.

இருந்தது.