துரைக்கு நான் கற்றுக்கொடுத்தது

பிப்ரவரி 4

துரை இன்றும் புல்லை மென்று மென்று உருண்டையாக்கித் துப்பிவிட்டான். கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது. ஒரு காலத்தில் பந்தயத்தில் முதலாவதாக வந்த குதிரை. இப்போது தவிட்டை வெந்நீரில் ஊறவைத்து, கேரட்டைத் துருவிப் போட்டு ஊட்டாத குறையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாளிக்குள் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றான். மூக்கு முழுக்கத் தவிடு. அதை வழக்கம்போல என் சட்டையில்தான் துடைத்தான்.

பிறகு முன்னங்காலுக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்தேன். அந்த வீக்கம் இனி வடியாது. என் இடுப்பும் நேராகாது. நாங்கள் இருவரும் நொண்டிக்கொண்டே முற்றத்தைச் சுற்றிவந்ததை அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்தாள். "அணிவகுப்பு முடிஞ்சுதா? முடிஞ்சா சாப்பிட வா" என்றாள்.

பிப்ரவரி 6

துரையின் பழைய முதலாளியுடைய உதவியாளன் போன் செய்தான். அந்த முதலாளி இருக்கிறானே, அந்தாளைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

பந்தயச் சங்கத்துத் தலைவர் பதவிக்கு நிற்கிறாராம். "ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு ஒரு நல்ல வாழ்க்கை" என்று பேசிக்கொண்டு திரிகிறாராம். அதனால் துரையோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "சாருக்கு அந்தக் குதிரைன்னா உயிருங்க" என்றான்.

உயிரா? யார் உயிர்? கால் சூடா இருக்கு, இன்னைக்கு ஓட்ட வேண்டாம்னு அன்னைக்கு நான் கெஞ்சினேனே, அப்ப எங்க போச்சு அந்த உயிர்? "நீ ஓட்டுறவன். ஓட்டு" என்றான் முதலாளி. பெப்பர்மின்ட் டப்பியை 'டிக்' என்று திறந்து துரையின் வாயில் ஒன்று போட்டான். துரை அதைச் சப்பிக்கொண்டிருந்தபோதே குதிரை மருத்துவர் அவன் காலில் மரத்துப்போகிற ஊசியைப் போட்டார். வலி தெரியாத காலோடு அந்த ஜீவன் ஓடியது. கடைசி வளைவில் கால் மடங்கியது. அடியில் நான்.

விசாரணையில் என்ன சொன்னான்? ஜாக்கி சரியாக ஓட்டவில்லை என்றான். என் லைசென்ஸ் போனது. துரையைக் கறிக்கு அனுப்ப வண்டி பேசியிருந்தார்கள். ஊன்றுகோலோடு போய் வாசலில் நின்றேன். "வேணும்னா இழுத்துட்டுப் போ" என்று சொல்லியனுப்பினான். வெளியே வந்து முகத்தைக்கூடக் காட்டவில்லை.

உதவியாளனிடம், "தாராளமா வரச் சொல்லுங்க" என்றேன். என் குரலில் அவ்வளவு தேன் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இந்த மாதம் இருபத்தேழாம் தேதி வருகிறார்கள்.

பிப்ரவரி 7

இன்று முழுவதும் ஒரே யோசனை. துரையின் பின்னங்காலால் அந்தாளுக்கு ஒரு உதை. நெஞ்சில் வேண்டாம், செத்துத் தொலைப்பான். இடுப்பில். படம் எடுக்கிறவர்கள் முன்னால். என்னைப் போலவே அவனும் ஒவ்வொரு படிக்கட்டாக எண்ணிப் பார்த்து ஏற வேண்டும்.

பிப்ரவரி 8

குதிரையைக் கண்டாலே அந்தாள் பையிலிருந்து எடுப்பானே, அதே நீலத் தகர பெப்பர்மின்ட் டப்பி கடையில் இன்னும் கிடைக்கிறது. ஒன்று வாங்கிவந்து துரையின் பக்கத்தில் நின்று 'டிக்' என்று திறந்தேன். பல்லை இளிப்பான், காதை மடக்குவான், பழைய வலியெல்லாம் ஞாபகம் வந்து பின்னங்காலைத் தூக்குவான் என்று நினைத்தேன்.

காதை விடைத்துக்கொண்டு ஓடிவந்து என் பையை முகர்ந்து பார்த்தான். மிட்டாய் வேண்டுமாம்!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வெட்கங்கெட்ட கழுதை. உன்னை முடமாக்கினவன் குடுத்த மிட்டாய்டா அது! உனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லையா? சரி. நான் ஞாபகப்படுத்துகிறேன்.

பிப்ரவரி 10

குதிரைக்கு எதைக் கண்டால் பயம் என்பது இருபது வருடம் குதிரை மேல் உட்கார்ந்தவனுக்குத் தெரியாதா? பட்டனை அமுக்கினால் பட்டென்று விரியும் கறுப்புக் குடை அக்காவிடம் இருக்கிறது. இடக்கையால் பைக்குள் டப்பியைத் திறக்க வேண்டும். 'டிக்'. உடனே வலக்கையில் குடை, முகத்துக்கு நேராக. துரை நாலு காலையும் பரப்பிக்கொண்டு பின்னால் பாய்ந்தான்.

நாலைந்து முறை செய்தேன். அப்புறம் குடையை மடக்கி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 14

பலன் தெரிகிறது. குடையை விரிக்கவே வேண்டாம். 'டிக்' என்றதும் காது பிடரியோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுகிறான். இன்று பின்னங்கால் ஒன்று தரையைவிட்டு எழும்பியது. சின்னப் பிள்ளை முதல் அடி வைத்த மாதிரி கைதட்டினேன்.

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மழையும் இல்ல, வெயிலும் இல்ல, குடை எதுக்குடா?" என்றாள். கம்பி வளைந்திருக்கிறது, சரிசெய்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 18

லாடக்காரர் குளம்பு செதுக்க வந்தார். துரை காலைக் கொடுக்கவில்லை. எவ்வளவு சாதுவான குதிரை, அவர் மடியில் காலை வைத்துக்கொண்டே தூங்கிவிடுவான். இன்று நான் கயிற்றைப் பிடித்ததும் உடம்பெல்லாம் விறைத்துக்கொண்டது. "நீ அந்தப் பக்கம் போ, நான் பாத்துக்குறேன்" என்றார். நான் நகர்ந்ததும் காலைக் கொடுத்தான்.

"உன்னை என்ன, போலீஸ்காரனைப் பாக்குற மாதிரி பாக்குறான்?" என்று சிரித்தார்.

வயசாயிடுச்சு, கண்ணு சரியாத் தெரியல என்றேன்.

பிப்ரவரி 19

தவிடு வாளியில் அப்படியே இருக்கிறது. வெயில் காலம் தொடங்கும்போது இப்படித்தான் இருப்பான். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 23

விலா எலும்பு தெரிகிறது. அக்கா ஈ மொய்க்காமலிருக்க முகத்துக்கு வலை தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுவிடக் கையைத் தூக்கினேன், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். கடைசியில் அக்காதான் போட்டுவிட்டாள். "எனக்கு ஒரு நாள் தலை சீவி விட்டிருக்கியாடா நீ? இவனுக்கு மட்டும் தெனமும் பிரஷ்ஷு. அப்படி இருந்தும் இன்னைக்கு எங்கிட்ட வர்றான் பாரு" என்று பெருமை வேறு.

இன்னும் நாலு நாள். பொறுத்துக்கோ துரை. நாலே நாள். உனக்காகவும்தானே செய்கிறேன்?

பிப்ரவரி 26

நன்றாகத் தூங்கினேன். வருடக்கணக்கில் இல்லாத தூக்கம்.

பிப்ரவரி 27

வந்தான். வெள்ளை ஷூ. போட்டோக்காரன், உதவியாளன், இன்னும் ரெண்டு பேர். "என்னடா, இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டான், ஏதோ சளி பிடித்தவனைக் கேட்கிற மாதிரி. நல்லாயிருக்குங்க என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

துரையின் பின்பக்கமாக அவனை நிறுத்தினேன். "இங்கயே நில்லுங்க, வெளிச்சம் நல்லா விழும்." தலைக்கயிறு என் கையில். அவன் கை தானாகவே பைக்குள் போனது. நான் காத்திருந்த கை. நீல டப்பி வெளியே வந்தது.

'டிக்.'

துரையின் காது மடங்கியது. உடம்பு முறுக்கிக்கொண்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. அப்போதுதான் துரையின் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை தெரிய விரிந்திருந்தது. அது அந்தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது. என் வலக்கையைப் பார்த்தது.

கயிற்றை உருவிக்கொண்டு ஓடினான். என் உள்ளங்கைத் தோல் அதோடு போனது. நேராக அந்தாளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். அவன் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி வைத்துக்கொண்டு நடுங்கினான். என்னிடமிருந்து ஒளிந்துகொண்டான். அவனிடம் போய்! உலகத்தில் வேறு ஆளே கிடைக்கலையா உனக்கு?

"பாத்தீங்களா, மறக்கல பாருங்க" என்று அந்தாள் சிரித்து, ஒரு மிட்டாயை ஊட்டினான். "சூப்பர் சார், அப்படியே நில்லுங்க" என்றான் போட்டோக்காரன்.

மார்ச் 2

படம் பேப்பரில் வந்திருக்கிறது. கீழே 'பழைய நண்பர்கள்' என்று போட்டிருக்கிறார்கள். நல்ல படம்தான், அதுதான் வயிற்றெரிச்சல். ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது, வெறுங்கை. அது என்னுடையது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். மெஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அந்தாளு கூட இவனை மிட்டாய் குடுத்துதாண்டா ஏமாத்துனான்" என்றாள்.

மார்ச் 9

சங்கத் தேர்தலில் அந்தாள் ஜெயித்துவிட்டான். பெரிய வித்தியாசத்தில். நாசமாப் போக.

மார்ச் 10

டப்பியைக் குப்பையில் போட்டேன். குடையையும். குடைக்கு மட்டும் அக்கா முறைத்தாள்.

மார்ச் 17

வாளியை முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் இதுதான் வேலை. நான் வீட்டுக்குள் போன பிறகுதான் தின்கிறான். லாயத்தைக் கூட்டி, வைக்கோல் மாற்றி, தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறேன்; அதுவரை அவன் எதிர்மூலையில் நிற்கிறான். காலுக்குத் தண்ணீர் பிடிப்பது அக்கா. "இந்த வயசுல எனக்கு இது தேவையா?" என்று புலம்பிக்கொண்டே பிடிக்கிறாள்.

அந்தாளை நான் மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன், சாகும்வரை மாட்டேன். ஆனால் அது என் கணக்கு. துரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 29

நான் ஸ்டூலில் இருக்கும்போதே பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. கழுத்து வலித்தது, அப்போதும் திரும்பவில்லை.

ஏப்ரல் 11

மத்தியானம் திடீரென்று மழை. தவிட்டு வாளியோடு கிளம்பினேன். அக்கா புதுக்குடை வாங்கி வைத்திருக்கிறாள், பூப்போட்டது. "எடுத்துட்டுப் போடா, நனைஞ்சு காய்ச்சல்ல படுத்தா உன்னையும் நான்தான் பாக்கணும்" என்று கத்தினாள். வேண்டாம் என்றேன்.

லாயத்து வாசலில் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. துரை உள்ளேயிருந்து என் கைகளைப் பார்த்தான். ஒன்றைப் பார்த்தான், பிறகு மற்றதைப் பார்த்தான். ரொம்ப நேரம் கழித்து நொண்டிக்கொண்டே வந்து வாளிக்குள் முகத்தை விட்டான். மூச்சுக் காற்று என் விரலில் சூடாகப் பட்டது.

தின்று முடித்து, மூக்கு முழுக்கத் தவிட்டோடு திரும்பிப் போய்விட்டான். என் சட்டையில் துடைக்கவில்லை. நாளைக்கும் நான் இதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவேன்.