அழுதால் ஆகாது என்றார்கள், அக்கா

என்னை "மாது" என்று கூப்பிட இனி ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் அக்காவுக்கு,

உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. போன் போட்டால் நீ பேசுவாய், நான் "ம்" கொட்டுவேன். கடைசியில் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை வரும், பட்டென்று வைத்துவிடுவோம். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி நீயே திரும்பக் கூப்பிடுவாய். இப்போது நீ குறுக்கே பேச மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இந்தத் தைரியம் எனக்கு வேண்டவே வேண்டாம், அக்கா.

முதலில் உடம்பைச் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் முதலில் கேட்பாய். நெஞ்சு வலி இல்லை. சாப்பாடு உப்பில்லாமல் சப்பென்று இறங்குகிறது. மாவு மில்லை மச்சினன் பார்த்துக்கொள்கிறான். ராகி மூட்டையைத் தூக்கி வைக்கும்போது நெஞ்சை அடைத்ததும், கேஸ்தான் என்று நான் சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், உன் தம்பி பொண்டாட்டி பார்வதி என்னை இழுத்து ஆட்டோவில் போட்டதும் உனக்குத் தெரிந்த கதை. சேலத்தில் எனக்கு ஸ்டென்ட் வைத்த அன்றைக்கே மொரப்பூரில் ரயிலேறி வந்துவிட்டாயே.

பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று வாசலில் தடுத்தவனிடம் நீ போட்ட சத்தம் ஐசியூவுக்குள் படுத்திருந்த எனக்கே கேட்டது. "எந்தம்பி உள்ள கெடக்கறான், நேரமாவுது காலமாவுது! தள்ளு அங்கிட்டு!" உள்ளே வந்து என் காலைத் தொட்டுப் பார்த்தாய். சூடாக இருக்கிறதா என்று பார்த்திருப்பாய். அப்புறம்தான் உனக்கு வாய் வந்தது. "டேய் மாது, எனக்கு முன்னால மட்டும் போய்ப் பாரு, கொன்னுபோடுவன் உன்ன." நான் சிரித்த சிரிப்பில் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர் கழன்று மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடி வந்து உன்னை வெளியே அனுப்பினாள். நாம் கடைசியாக நேரில் பார்த்துக்கொண்டது அதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: புண் ஆறட்டும், அதற்குப் பிறகு இருதய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறது, மெஷினில் நடக்க வைத்து, நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஆளாக ஆக்குவார்கள், இடம் காலியானதும் அவர்களே போன் பண்ணுவார்கள் என்று. மறுவாழ்வு என்ற சொல்லைப் பார்வதி தெருவில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரர் வந்து என் தோளைத் தட்டி, "எப்பருந்து இந்தப் பழக்கம்? எங்ககிட்டலாம் காட்டிக்கவே இல்லியே" என்றார். குடிகாரர்களைக் கொண்டுபோய் வைக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டார் மனிதர். நீ போனில் இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமினாய். "வாராவாரம் நானே சேலத்துக்கு வரன்டா. நீ மெஷின்ல தத்தக்கா பித்தக்கான்னு நடக்கறத நான் பாக்கணும்" என்றாய். அந்த இருமலை நான் கவனித்திருக்க வேண்டாமா? சிரிப்பில் வந்த இருமல் என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு உன் போன் வரவில்லை.

இங்கே என்னைக் கோழிக்குஞ்சுமேல் கூடை கவிழ்த்த மாதிரி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளே கொஞ்சம் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதைப் பார்வதி காதில் வாங்கவே இல்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பாள். சீரியலில் யாராவது செத்தால் உடனே டிவியை நிறுத்துவாள். தெருவில் சாவு மேளம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். நான் என்ன சொன்னாலும் எல்லோரும் "சரிங்க, சரிங்க" என்றார்கள். குழம்பில் புளி போதவில்லை என்று தட்டை நகர்த்தினால்கூட, "சரிங்க, நாளைக்குச் சேத்தி வெக்கறன்" என்கிறாள். என் வாழ்நாளில் சண்டை போட ஆளில்லாமல் நான் இருந்ததே இல்லை, அக்கா. உனக்குத் தெரியாதா?

ஆகவே உன்மேல்தான் கோபம் திரும்பியது. "பாரு, ஆஸ்பத்திரியில அந்தக் கத்துக் கத்துனா. இப்ப ஒரு போன் இல்ல. எம் பேரச் சொல்லிப் பதறுனது எல்லாம் வேசம்" என்று பார்வதியிடம் தினமும் ஒரு பாட்டம் பாடினேன். நான் போட்டால் உன் மகன் செந்தில் எடுப்பான். "அம்மா தூங்கறாங்க மாமா." "அம்மா பெங்களூரு போயிருக்காங்க மாமா." "அம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு மாமா, பேச வரல." தொண்டை கட்டினாலும் பேசாமல் இருக்கிற ஆளா நீ? அதைக்கூட நான் யோசிக்கவில்லை. நான் உன்னைத் திட்டும்போதெல்லாம் பார்வதி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

என்னைச் சந்தேகப்பட வைத்தது மாரியம்மன் பண்டிகை. தெருவில் எல்லா வீட்டுப் பெண்களும் மாவிளக்கு எடுத்துப் போனார்கள். நம் வீட்டில் பச்சரிசிகூட ஊறப்போடவில்லை. கேட்டால், "நீங்க இப்படி இருக்கறப்ப எதுக்குங்க அதெல்லாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரன் சாகக் கிடந்து பிழைத்து வந்தால் ஒரு மாவிளக்குக்கு மூன்றாக எடுக்கிறவள் பார்வதி. அவளா வேண்டாம் என்கிறாள்? சாமி மாடத்தைப் பார்த்தேன். விளக்கில் எண்ணெய் காய்ந்து திரி கருகிக் கிடந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

ஏதோ ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. வாய்க்கு வந்தபடி பொய் சொல்ல முடிந்த அவளுக்குச் சாமியிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"யாரு?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்து வந்து என் கையில் வைத்து, என் விரல்களை மூடினாள். தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்தாள். என் முன்னால் உட்கார்ந்து என் இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்காகவும் அவள் அந்த மாத்திரையை எடுத்திருக்க மாட்டாள்.

"மொரப்பூர் அண்ணி தவறிட்டாங்க. சளிக்காய்ச்சல் நெஞ்சுல எறங்கிடுச்சு. அழுவாதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறன், அழுவாதீங்க. உங்க நெஞ்சு தாங்காது."

நான் அழவில்லை, அக்கா. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உனக்கும் அழ வந்திருக்காது. மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் பிரஷர் மெஷினை என் கையில் சுற்றி அழுத்திக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சுற்றினாள்.

மெதுமெதுவாக மற்றதெல்லாம் வெளியே வந்தது. மில் பெல்ட் வாங்கத் தருமபுரி போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருநாள் போனாளே, அன்றைக்குத்தான் நீ போன நாளாம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தருமபுரியில் எடுத்துக்கொண்டு அங்கேயிருந்து மொரப்பூர் பஸ் ஏறியிருக்கிறாள். நான் எடுத்துவந்து உன்மேல் போர்த்த வேண்டிய சேலையை அவள்தான் போர்த்தினாளாம். கட்டிக்கொடுத்த பெண் சாவுக்கு நமக்கு மூன்று நாள் தீட்டுத்தான் என்று பங்காளிகள் சொன்னார்களாம். கோடி போர்த்திய கையால் மாவிளக்கு எடுக்க மனசு வரவில்லை என்கிறாள். என்ன நிறச் சேலை என்று கேட்டேன். அரக்கு என்றாள். உனக்கு அரக்குப் பிடிக்கும்தானே? எனக்கு அதுகூடத் தெரியவில்லை, பார்.

அன்று சாயங்காலம் அவள் வந்தபோது தலை ஈரமாக இருந்தது. மழையில் மாட்டிக்கொண்டேன் என்றாள். பாப்பாரப்பட்டியில் அன்றைக்கு ஒரு தூறல் இல்லை. நான் டீ கேட்டேன், போட்டுக் கொடுத்தாள். அந்த டீயைக் குடித்துக்கொண்டேதான், "மொரப்பூர்க்காரிக்கு என்ன திமிரு பாத்தியா" என்று ஆரம்பித்தேன்.

உடனே கிளம்புகிறேன் என்று நின்றேன். உன்னை அடக்கம் பண்ணின இடத்தையாவது பார்க்க வேண்டும் என்றேன். செந்தில் போனில், "வேணாம் மாமா, இன்னொரு சாவு தாங்காது எங்களுக்கு" என்றான். பார்வதி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "அந்தப் பயிற்சி ஆரம்பிக்கட்டும். டாக்டரு சரின்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நானே கூட்டிட்டுப் போறன். அதுவரைக்கும் மொரப்பூர்ப் பேச்சும் வேணாம், அழுவாச்சியும் வேணாம்." எங்கே போவது நான்? போன் வந்தால்தான் பயிற்சி. பயிற்சி ஆரம்பித்தால்தான் மொரப்பூர். அதுவரை உனக்காக ஒரு சொட்டுக் கண்ணீருக்குக்கூட எனக்கு உத்தரவில்லை.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடன் வேண்டுமா சார் என்று ஒருத்தி கூப்பிட்டாள். சிலிண்டர் வருகிறது என்று ஒருவன் கூப்பிட்டான். நானே ஆஸ்பத்திரிக்குப் போட்டால், "லிஸ்ட்ல இருக்கீங்க, வெயிட் பண்ணுங்க" என்றார்கள். எரிச்சலில் போனை விட்டெறியக் கை போகும். அதில் உன் குரல் இரண்டு மூன்று வாட்ஸ்அப் செய்தியாகக் கிடக்கிறது, அதனால் எறியவில்லை. அதை நான் போட்டுக் கேட்கவும் இல்லை. கேட்டால் அடக்க முடியாது என்று எனக்கே பயம்.

நேற்றுக் காலையில் போன் வந்தது. சின்ன வயசுப் பெண் குரல். "மாதையன் சாருங்களா? சேலம் ஆஸ்பத்திரி ரீஹேப்ல இருந்து பேசறங்க. திங்கக்கெழம வந்துடறீங்களா?" அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன். பார்வதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் வரிசையாகக் கேட்டாள். நடந்தால் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா, தூக்கம் வருகிறதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "நீங்க எதாச்சும் கேக்கணுங்களா சார்?" என்றாள்.

"அழுவலாங்களா?" என்று கேட்டேன்.

"என்னாங்க சார்?"

"எங்கக்கா செத்துட்டாங்க. நான் இன்னும் அழுவல. அழுதா இருதயத்துக்கு ஆவாதுன்னு சொல்றாங்க. பயிற்சி முடிஞ்சப்பறம் அழுவலாங்களா, இல்ல எப்பவுமே கூடாதுங்களா?"

அந்தப் பெண், "அய்யோ, எதுக்கு சார் அதுவரைக்கும்? தாராளமா அழுங்க. அழுதா ஸ்டென்ட் ஒண்ணும் கழண்டுக்காது. நெஞ்சு வலி கிலி வந்தா மட்டும் ஒடனே உக்காந்து மாத்திரைய வெச்சுக்குங்க, அப்பவும் கேக்கலன்னா ஆம்புலன்ஸ கூப்புடுங்க. அவ்வளவுதான். இத்தன நாளா அடக்கிட்டா இருந்தீங்க?" என்றாள். சொல்லும்போது அவள் குரலும் ஒரு மாதிரி இருந்தது.

போனை வைத்தேன். இதோ வரும், வெடித்துக்கொண்டு வரும் என்று உட்கார்ந்திருந்தேன். எனக்கு வரவில்லை, அக்கா. கீரை முறம் கவிழ்ந்த சத்தம்தான் கேட்டது. பார்வதி தரையில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அப்புறம் அதையும் எடுத்துப் போட்டுவிட்டு, "அண்ணீ" என்று கத்தினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவளுடைய அம்மா போனபோதுகூட இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். உன்னைப் போலவே காலைத் தொட்டுப் பார்த்தேன், என்ன செய்வது என்று தெரியாமல்.

அழுகைக்கு நடுவில்தான் சொன்னாள். உன் வீட்டிலும் அவள் அழவில்லையாம். கண் சிவந்தால், முகம் வீங்கினால், வீட்டுக்கு வந்ததும் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உன்மேல் சேலையைப் போர்த்தும்போதும் அழவில்லை. உன்னைத் தூக்கும்போதும் அழவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் காதுபடவே பேசினார்களாம்: "நாத்தனா செத்துக் கெடக்கறா, ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு கண்ணுல. கல்லு." அதைக் கேட்டுக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பஸ் ஏறி வந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது, அக்கா. உனக்காக வந்ததா, அவளுக்காக வந்ததா, பிரிக்கத் தெரியவில்லை. நெஞ்சு வலிக்கவில்லை. அந்தப் பெண் சொன்னது சரிதான்.

திங்கட்கிழமை சேலம் போகிறேன். ஒழுங்காக நடப்பேன், சொன்னதைக் கேட்பேன், அங்கே யாரோடும் சண்டை போட மாட்டேன். டாக்டர் சரி என்று சொன்ன மறுநாளே மொரப்பூர் வருவேன். தனியாக வர மாட்டேன், பார்வதியைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன். அந்தப் பெண்கள் வந்து சுற்றி நிற்கட்டும். அவர்கள் எல்லோருக்கும் எதிரில் அவள் உன் பெயரைச் சொல்லி வயிறாற அழட்டும். அவள் அழுது முடிக்கிற வரைக்கும், அவளைத் தேற்றாமல், தடுக்காமல், நான் அவள் பக்கத்திலேயே நிற்பேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்குப் பின்னால் பிறந்த தம்பி,
மாதையன்
பாப்பாரப்பட்டி