சின்ன மாமா தைத்தது

திருக்காட்டுப்பள்ளி
15-6-2025

தம்பி புகழேந்திக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். பொங்கலிலிருந்து உன் போனை எடுக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டேன். ஏன் என்று அக்கா கேட்டாள், உன் அண்ணி கேட்டாள். நீ கேட்கவில்லை. கேட்காதவனுக்குக் கடிதம்தான் எழுத முடியும்.

போன தீபாவளிக்கு வந்தபோது என் தையல் மெஷின் முன்னால் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, "இது எதுக்குண்ணே, அது எதுக்குண்ணே" என்று கேட்டாய். பொன்மலை ரயில்வே பணிமனையில் யாரோ போட்டுக் கழித்த நீலக் காற்சட்டையைத் திருச்சி பழைய சாமான் கடையில் கண்டெடுத்து, அதைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துத்தான் நான் ஜீன்ஸ் தைக்கக் கற்றேன். கற்றதை ஒளிக்காமல் உன்னிடம் சொன்னேன். பாக்கெட் மூலையில் ஏன் செப்பு ரிவெட் அடிக்கிறார்கள், முழங்காலில் ஏன் இரண்டு மடிப்புத் துணி, எல்லாம் சொன்னேன். பொங்கலன்று நீ தைத்த ஜீன்ஸின் படம் குழுவில் வருகிறது! அக்கா மகள் சுடர்விழி அதன் கீழே, "சின்ன மாமா, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று எழுதுகிறாள். என் முதல் ஜீன்ஸின் படத்தைப் போட்டபோது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான். ஒரு கட்டைவிரல்.

எப்போதும் இப்படித்தான். நான் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தால் மறுவருடம் நீ கொடுப்பாய், கோப்பை உனக்கு. நான் சைக்கிள் கற்றேன். அப்பா உன் பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போனார். மீன் குழம்புகூட நான் வைத்ததை நீ பார்த்துதான் வைத்தாய். இன்றைக்கும் அக்கா, "தம்பி வைக்கிற கொழம்பு" என்று சொன்னால் அது நான் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் சுடர்விழி அறுப்பு மிஷின் பழுதுபார்க்கும் பட்டறை திறக்கிறாளாம். தாய்மாமன் வீட்டு உடுப்பை உடுத்தித்தான் திறக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பட்டுச் சேலை வேண்டாம், வேலைக்கு ஆகிற ஜீன்ஸ் வேண்டும் என்றாளாம் இவள். அதை உன்னிடம் கேட்டிருக்கிறாள். அகமதாபாத்தில் இருக்கிற உன்னிடம்! அவள் பட்டறையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் மூத்த தாய்மாமன் ஒருவன் ஜீன்ஸ் தைத்துக்கொண்டிருக்கிறான். அது அவளுக்கு ஞாபகமில்லை, உனக்குமா இல்லை?

இப்படிக்கு,
முனைவர் ம. பகலவன்


அகமதாபாத்
24-6-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை பயந்துகொண்டு, ஒரு தடவை சிரித்துக்கொண்டு. தம்பிக்குக் கடிதம் எழுதினால் கீழே 'முனைவர்' போடுவது உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

உங்களைப் பார்த்துதான் தைத்தேன். மறுக்கவில்லை. இந்தத் துணி ஆலையில் நான் கணக்குப் பார்க்கிற ஆள். சுற்றிலும் ஜீன்ஸுக்கான டெனிம் துணி தறியில் ஓடிக்கொண்டிருந்தும் இருபது வருடமாக அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியதில்லை. உங்கள் வீட்டில் அந்தப் பழைய நீலக் காற்சட்டையை நீங்கள் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினீர்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் தோன்றியது. குழுவில் உங்கள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

ஆனால் அவள் ஏன் உங்களிடம் கேட்கவில்லை என்பது உங்களுக்கே தெரியுமே அண்ணே. இன்ஜினியரிங் முடித்தவள் சென்னை ஆபீஸ் வேலை வேண்டாம் என்று சொன்ன அன்று, அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்து நீங்கள் சொன்னது: "நாலு தலமொற சேத்துல நின்னாச்சு. ஒன்ன படிக்க வச்சது திரும்ப அங்கயே போயி உக்காரவா?" அதற்குப் பிறகு நீங்கள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளாக எப்படி வந்து கேட்பாள்?

நான் அவளிடம், "பெரிய மாமாகிட்ட கேளு, என்னைவிட நல்லா தைப்பாரு" என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபப்படாதீர்கள்: "வேல செய்றவன் போட்ட உடுப்புன்னா பெரிய மாமாவுக்கு உசுரு மாமா. வேல செய்றவளக் கண்டாத்தான் ஆவாது."

நீங்கள் தைக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் இதையாவது சொல்லுங்கள்: காலின் உள்பக்கத் தையலை முதலில் போடுவதா, வெளிப்பக்கமா? எனக்குக் கால் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தம்பி,
புகழேந்தி


திருக்காட்டுப்பள்ளி
10-7-2025

புகழேந்திக்கு,

அவள் சொன்னதை எழுதியதற்கு நன்றி. உன் பெயரில் ஒரு நல்ல வார்த்தை, என் பெயரில் ஒரு குத்தல். இரண்டையும் அவள் உன்னிடம்தான் சொல்கிறாள்.

நான் சொன்னதில் என்ன தவறு? அப்பா மருதையன் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய், கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப் புண்ணோடு வந்து படுப்பார். அந்தப் புண்ணுக்கு மஞ்சள் பூசியது நான். நீ சின்னப் பிள்ளை, தூங்கிப்போவாய். இந்தக் குடும்பத்தில் எவரும் இனிச் சேற்றில் உட்காரக் கூடாது என்று நினைத்துப் படித்தவன் நான். அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நீ அகமதாபாத்திலிருந்து சாக்லேட் வாங்கிவந்தாய். சாக்லேட்தான் நினைவில் நிற்கும் போல.

வேலைக்காரன் உடுப்பு என்றால் எனக்கு உயிர் என்கிறாள். ஆமாம். அந்தக் காற்சட்டையை இரண்டு வரிசையில் தைத்தால் போதும். மூன்று வரிசை தைத்திருக்கிறார்கள். ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்கும், வேலைக்கு நடுவில் ஓர் ஆள் மானம் போய் நிற்கக் கூடாது என்று எங்கோ ஒருவன் யோசித்திருக்கிறான். அப்பாவின் உடம்புக்கு அப்படி யாரும் யோசிக்கவில்லை. அதனால்தான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். இது அவளுக்குப் புரியாது. உனக்கும் புரிந்திருக்காது, நீ ரிவெட்டைப் பார்த்திருப்பாய்.

கால் முறுக்குவது நீ துணியைக் கோணலாக வெட்டுவதால். வெட்டும் முன் துணியை வெந்நீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போடு. சுருங்குவது முன்னாலேயே சுருங்கட்டும். நூலோட்டம் பார்த்து வெட்டு. உள்பக்கத் தையலை முதலில் போட்டு, மடக்கி, மேலே இரண்டு வரிசை ஓட்டு. வெளிப்பக்கம் பிறகு. இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். "தம்பி கெடுத்துத் தச்சா ஒங்களுக்குச் சந்தோஷமா?" என்று உன் அண்ணி கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது.

நான் தைப்பேன் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறாய். நீ ஒதுங்கிக் கொடுத்து எனக்கு வர வேண்டாம். அவள் வாயால் கேட்கட்டும்.

ம. பகலவன்


அகமதாபாத்
19-8-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் முறுக்கவில்லை. நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

ஒரு சங்கடம். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பட்டறை திறப்புக்கு என்னால் வர இயலாது. தைத்த ஜீன்ஸை அவள் பெயர் எழுதி உங்கள் முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன். வெட்டி மிஞ்சிய துணியும் அதே நூலும் உள்ளே இருக்கின்றன. பின்னால் ஒட்டுப் போட அவளுக்கு உதவும். தட்டில் வைத்து நீங்களும் அண்ணியும் கொண்டுபோங்கள். நம் வீட்டு உடுப்பாக இருக்கட்டும், யார் தைத்தால் என்ன. அக்காவிடம் நீங்கள் வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். "வருவானா?" என்று கேட்டு அழுதாள்.

நீங்கள் போகாவிட்டால் அவள் தாய்மாமன் உடுப்பில்லாமல்தான் பட்டறை திறப்பாள். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

உங்கள் தம்பி,
புகழேந்தி


திருக்காட்டுப்பள்ளி
6-9-2025

புகழேந்திக்கு,

யார் தைத்தால் என்ன என்று எழுதியிருந்தாய். தைத்தவன் அப்படி எழுதலாம். தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அப்படி இருக்காது.

பார்சலைப் பிரித்தேன். "ஏன் பிரிக்கிறீங்க, அவ பேரு போட்டு வந்ததுல்ல?" என்றாள் உன் அண்ணி ஜெயபாரதி. "தாய்மாமன் வீட்டுச் சாமான். நானும் தாய்மாமன்தான்" என்றேன்.

நன்றாக இருந்தது. இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். இடுப்புப் பட்டி ஓரிடத்திலும் அலையவில்லை. தொடைப் பக்கம் ஸ்பேனர் செருக நீ வைத்த நீளப் பாக்கெட் எனக்குத் தோன்றாதது. நான்கு வருடம் தைத்தும் என் மடக்குத் தையல் அப்படி ஒரே கோடாக வந்ததில்லை. ஒவ்வோர் அங்குலமாகத் தடவிக் குறை தேடினேன். அகப்பட்டது.

நீ ஏதோ பழைய அமெரிக்கப் படம் பார்த்து வெட்டியிருக்கிறாய். அது நின்றுகொண்டு லேத் ஓட்டுகிறவனுக்கு, நாற்காலியில் உட்காருகிறவனுக்கு ஆகும். நீயும் நாற்காலிக்காரன்தானே. அவளிடம் அளவு கேட்டிருப்பாய், அவளும் நின்றபடி எடுத்து அனுப்பியிருப்பாள். பின்பக்கம் உயரம் போதாது. குந்தினால் இடுப்பு இறங்கும்.

சந்தோஷப்பட்டேன். ஊரே கூடியிருக்கும், அவள் குந்துவாள், யார் கெட்டிக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நினைப்போடு நன்றாகவே தூங்கினேன். மறுநாள், அவள் எவ்வளவு குந்துகிறாள் என்று பார்க்கத்தான் போனேன். வேறு நினைப்பு இல்லை. பட்டறைக்கு எதிரில் டீக்கடை இருக்கிறது. திறப்புக்கு முன்னாலேயே இரண்டு மிஷின்கள் வந்து நின்றன. அவளுக்கு அன்று நாற்காலி என்ற ஒன்றே தேவைப்படவில்லை. மிஷினுக்கு அடியில் குந்துகிறாள், நகர்கிறாள், எழுகிறாள், மறுபடி குந்துகிறாள். கடையில் வாங்கிய ஏதோ பேண்ட். ஒவ்வொரு தடவையும் இடதுகை பின்னால் போய்ச் சட்டையைக் கீழே இழுத்துவிடுகிறது. வலதுகையில் ஸ்பேனர். அவளுக்கே தெரியாமல் அது பழகிப்போயிருக்கிறது. என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவன் இன்னொருவனிடம், "மாப்ள, இன்ஜின பாக்க வந்தியா, வேறெதயாச்சும் பாக்க வந்தியா?" என்றான். இருவரும் சிரித்தார்கள். "யோவ், அது என் அக்கா பொண்ணு" என்றேன். "தெரியாதுங்க சார், மன்னிச்சுக்குங்க" என்று எழுந்து போனார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

உன் குறை உன்னைக் காட்டிக்கொடுத்திருக்காது. அவளைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஜீன்ஸின் தையலைப் பிரித்தேன். பின்பக்கம் இடுப்புப் பட்டியை எடுத்துவிட்டு, நடுவில் அகன்று ஓரங்களில் ஒடுங்கும் ஒரு துண்டு சேர்த்து உயர்த்தினேன். கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தேன். துணியும் நூலும் நீ அனுப்பியவை. கஷ்டம் அதில்லை. என் தையல் தெரியக் கூடாது. நீ வரிசை முடிக்கும் இடத்தில் ஒரு பொட்டு இடப்பக்கம் இழுப்பாய், நானும் இழுத்தேன். பழைய துணியில் நான் போட்டுப் பார்த்தவை எல்லாம் என் கை போலவே வந்தன. உன் கை போல வரும்வரை போட்டேன். "யாருக்குமே தெரியாதுங்க" என்றாள் ஜெயபாரதி. அவள் ஆறுதலுக்குச் சொன்னாள்.

திறப்பு நன்றாக நடந்தது. அக்கா என்னைக் கண்டதும் தட்டை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுடர்விழி உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்தாள். "சின்ன மாமா தச்சதா? கடையில வாங்குனாப்ல இருக்கே!" என்று ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். நீ வீடியோவில் வந்தாய். "எல்லாம் ஒரு பழக்கந்தான்" என்று உன் குரல் கேட்டது. கேட்டுக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். பிறகு அவள் முதல் மிஷினின் அடியில் குந்தினாள். இடதுகை ஒரு தடவை பழக்கத்தில் பின்னால் போனது. அங்கே இழுத்துவிட ஒன்றுமில்லை. கையை எடுத்தவள் அதற்குப் பிறகு பின்னால் கொண்டுபோகவே இல்லை.

புறப்படும்போது என்னிடம் வந்தாள். "பெரிய மாமா, நீங்க வந்ததே போதும்" என்றாள். பிறகு, "சின்ன மாமாவுக்கு எப்புடித் தெரிஞ்சுது, நான் குந்தித்தான் வேல பாப்பேன்னு? அளவெடுக்கையில நான் சொல்லவே இல்லையே" என்றாள்.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால், டீக்கடையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். அவர்கள் சிரித்ததைச் சொல்ல வேண்டும். பட்டறை திறக்கிற நாளில் அவளுக்கு அது எதற்கு? "அவன் கெட்டிக்காரன்மா" என்றேன். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக இதைச் சொல்லியிருக்கிறேன், அதுவும் நீ செய்யாத ஒன்றுக்கு.

அவள் உன்னிடமும் கேட்பாள். நீ விழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். உண்மையைச் சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். சொன்னாலும் எனக்கு உன்மேல் கோபம் வரும், சொல்லாவிட்டாலும் வரும். அந்த ஸ்பேனர் பாக்கெட்டை எப்படி வெட்டினாய் என்று எழுது. அடுத்த ஜீன்ஸ் நான் தைப்பதாக அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவள், "அளவு வேணுமா மாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

கீழே என்ன போடுவது என்று வெகுநேரமாக யோசிக்கிறேன். 'உன் அண்ணன்' என்று போட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய், ஆகவில்லை. பெயரை மட்டும் போட்டால் யாரோ எழுதியது போல இருக்கிறது. இவ்வளவு எழுதிய பிறகு அதுவும் பொய். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போடாமலே அனுப்புகிறேன்.