புரிஞ்சுது மிஸ்!

புதுச்சேரி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். காரைக்காலில் மழையா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பாடம் நடத்தியதும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள் என்று ஆசிரியர் பயிற்சியில் ஆராய்ச்சிகளைக் காட்டிச் சொன்னார்கள். நேற்று களைப்பில் மறந்து கேட்டுவிட்டேன். "புரிஞ்சுது மிஸ்!" என்று வகுப்பே கத்தியது. சிலேட்டில் ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுத் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஒன்றுகூடச் சரியில்லை. சிரிப்புதான் வந்தது. ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லி நான் போட்டேன், பிறகு சேர்ந்து போட்டோம், கடைசியில் தனியாகப் போட்டார்கள். பாதிப் பேருக்கு வந்துவிட்டது. என் தொண்டைதான் போய்விட்டது.

என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், அறைக்குப் போகும் அரியாங்குப்பம் பஸ் வரும் நேரம்.

அப்பா, இனி போனில் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கேன்ப்பா" என்றுதான் சொல்வேன். என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள், மாட்டிக்கொள்வேன்.

வளர்மதி