காலுக்கு எட்டுன டிராக்டர்

ஜூன் 2, திங்கள்

சாரல் ஆரம்பிச்சிட்டு. காலைல இருந்து நசநசன்னு. கொடியில போட்ட துணி எதுவும் காயல. வாய்க்கால்ல தண்ணி வந்துட்டுன்னாங்க, போய்ப் பாத்தேன். கலங்கல். நல்ல வரத்து.

நாத்து பாவி வளந்தாச்சு. இனி வயல்ல தண்ணி கட்டி, உழுது, தொளி அடிச்சுச் சேறாக்குனாத்தான் நடுகை. முருகையா அண்ணாச்சி டிராக்டர வாடகைக்கு விடுதாக. போன் போட்டேன். "டிரைவர் பய குத்தாலத்துக்கு சீசன் வேன் ஓட்டப் போயிட்டான் தாயி. வந்ததும் மொத வேலை உனக்குத்தான்." எல்லா வருசமும் மொத வேலை எனக்குத்தான். வண்டி வருதது கடைசில. போன வருசம் நாத்து முத்திப்போயி, நட்ட பெறவு தூரே கட்டல. பாதிக்குப் பாதி பதரு.

எங்க வீட்டுக்காரவுகளுக்குக் குத்தாலத்துல பழக்கடை. சீசன் வந்துட்டா ரம்புட்டானும் மங்குஸ்தானும்தான் உலகம். வயல் எம்பாடு.

சொந்த வண்டி. இந்த வருசம் வாங்கியே தீரணும். அவுகள்ட்ட எப்படிப் பேச்செடுக்க?

ஜூன் 5, வியாழன்

பேச்செடுத்தாச்சு. இன்னைக்குத் தென்காசி. மூணு ஷோரூம்.

சேல்ஸ் தம்பிமாரு எல்லாம் அவுக மூஞ்சியப் பாத்தே பேசுதானுக. "எத்தன ஏக்கர் சார்?" பதில் நான் சொல்லுதேன். அவன் அவுகளப் பாத்துத் தலையாட்டுதான். எனக்கு, "மேடம், உள்ள ஃபேன் இருக்கு, உக்காருங்க."

உக்காரல. ஒவ்வொரு வண்டியிலயும் ஏறினேன். ஆலங்குளத்துல அப்பா வீட்டு டிராக்டர ஓட்டிப் பழகுனவ நான். ஆனா நான் குட்டை. கிளச்ச மிதிக்கணும்னா சீட்டு நுனிக்கு நகரணும், பாதி குண்டி அந்தரத்துல நிக்கும். இன்னைக்குப் பாத்த பெரிய கம்பெனி வண்டிகளும் அப்படித்தான்.

மூணாவது ஷோரூம்ல, ஒரு ஓரத்துல, கத்தரிப்பூ கலர்ல ஒண்ணு. சின்ன வண்டி. கம்பெனி பேரு வாயில நுழையல. இந்தப் பக்கம் யாரும் வாங்குனதாத் தெரியல. ஏறி மிதிச்சேன். அடிவரைக்கும் போச்சு, முதுகு சீட்டுல சாஞ்சபடியே. எனக்கு அங்கனயே சிரிப்பு வந்துட்டு.

அவுகள்ட்ட சொன்ன காரணம்: எடை குறைவு, நம்ம உளை வயல்ல தாழாது. டீசல் கம்மி. நாலு வீலும் இழுக்கும்.
சொல்லாத காரணம்: கால் எட்டுது.

"ஏட்டி, இதுக்கு ஒரு நட்டு போனாக்கூட எங்கன போய்த் தேட? விக்கப் போனா எவன் வாங்குவான்?" நியாயமான கேள்வி. வாங்கும்போதே விக்கிறதப் பத்தி எதுக்குப் பேசணும்னேன். சிரிச்சிட்டாக. அவுக சிரிச்சா சம்மதம்.

வரும்போது புளி, கடுகு. கேஸ் லைட்டர் மறந்துட்டு.

ஜூன் 8, ஞாயிறு

இருப்புக் கொள்ளல. வண்டி புதன்கிழமைதானாம். நாத்தங்காலுக்கும் வீட்டுக்குமா நடக்கேன். நாத்து கருகருன்னு நிக்கு. சந்தோசப்படவும் முடியல, வண்டி வாரதுக்குள்ள முத்திரும் போல.

நடு வயல்ல நின்னு போச்சுன்னா? சர்வீஸ் ஆளு திருநெல்வேலில இருந்து வரணும். அதுவரைக்கும் ஊரே வரப்புல நின்னு பாக்கும்.

பக்கத்து வயக்காரி இப்பவே கேட்டுட்டா. "கத்தரிப்பூ கலராமே மதினி? வெள்ளாமைக்கா, விளம்பரத்துக்கா?" சிரிச்சி மழுப்பிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்த பெறவு நல்ல நல்ல பதிலாத் தோணுது. என்ன பிரயோசனம்.

ஜூன் 11, புதன்

வண்டி வந்துட்டு. மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சேல்ஸ் தம்பி சாவிய அவுக கையில கொடுத்தான். போட்டோ எடுத்தாங்க. நான் ஓரமா, தட்டப் பிடிச்சிக்கிட்டு.

அவுகளுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. அப்படியே சாவியத் தூக்கித் தன் அக்கா மகன் செல்வத்துட்ட கொடுத்தாக. "இவந்தான் ஓட்டுவான். பேசி முடிச்சாச்சு." எப்ப பேசுனாக? எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல.

"நானே ஓட்டுதேன்."

"நல்லாருக்கு. ஊரு சிரிக்கும்ட்டி." அவ்வளவுதான். கடைக்குக் கெளம்பிட்டாக.

பாத்துப் பாத்து நான் எடுத்த வண்டி. ஆத்திரம் ஆத்திரமா வருது. பருப்பு வேற அடிபிடிச்சிட்டு.

ஜூன் 13, வெள்ளி

செல்வம் ரெண்டு நாள்ல செஞ்சது, தொளிக்கு மாட்டுத இரும்புச் சக்கரத்த மாட்டி வண்டிய வயலோரம் நிறுத்துனதுதான். இன்னைக்கு ஆளையே காணும். போன் போட்டேன். "அருவியில நல்ல கூட்டம் அத்தை. வேன் ஓட்டம் கெடச்சிட்டு. திங்கக்கெழம வாரேன். சாவி ஒங்க வீட்டு அலமாரிலதான் இருக்கு."

அவுகள்ட்ட சொன்னா, "திங்கள்தான? அதுக்குள்ள என்ன குடியா முழுகிரும்?"

முழுகும். நாத்தப் பாக்குதது நாந்தானே.

அலமாரியத் திறக்கேன், மூடுதேன்.

ஜூன் 14, சனி

மழை விட்டு வெறிச்சிட்டு. நைட்டிக்கு மேல அவுக பழைய சட்டையப் போட்டுக்கிட்டு, சாவிய எடுத்துட்டு காலைலயே வயலுக்குப் போயிட்டேன்.

மொத சுத்து கோணலாப் போச்சு. ஒரு இடத்துல வரப்பக் கடிச்சிட்டேன். ரெண்டாவது சுத்து பரவால்ல. கொக்குக்கு யாரு ஓட்டுனா என்ன, பின்னாலயே வருது.

யாரோ போன் போட்டிருக்கணும். அவுக கடைய விட்டுட்டு பைக்குல வந்துட்டாக. வரப்புல நின்னு கையக் காட்டுதாக, நிறுத்து நிறுத்துன்னு. வாய் அசையுது. இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

பாத்தேன். நிறுத்தல.

அடுத்த சுத்துலயும் நிக்காக. ஆளு கூடிட்டு, முருகையா அண்ணாச்சியும் உண்டு. எனக்கு அழுகை வருது, ஸ்டியரிங்க விட்டுட்டுத் தொடைக்க முடியல.

அதுக்கடுத்த சுத்து திரும்பும்போது அவுகளக் காணும். கோவிச்சிட்டுப் போயிட்டாகன்னு நெனச்சேன். பாத்தா வேட்டிய வரிஞ்சு கட்டிக்கிட்டு வயலுக்குள்ள நிக்காக. கையில மம்பட்டி. டிராக்டர் போவ முடியாத மூலைய வெட்டிப் போடுதாக.

நான் மூலைக்கு வரும்போது மட்டும் ஒதுங்கி வழி விட்டாக.