முதலில் வாய் திறந்தவர்

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் உங்கள் கல்வெட்டின் மாதிரிப் பிரதி என் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போமே, அந்தச் சிறு புத்தகம். அட்டையில் நீங்கள் மயில்கழுத்து நிறச் சேலையில் இருக்கிறீர்கள். உள்ளே தேவாரமும், நீங்கள் பிறந்த ஊரும், பெற்றோர் பெயரும். அதற்குப் பிறகு உங்கள் கணவரின், என் அண்ணையின், பக்கம். "இறுதி ஆண்டுகளில் நினைவு தடுமாறிய என் துணைவியை ஒரு குழந்தையைப்போலப் பராமரிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது" என்று எழுதியிருக்கிறார். அடுத்த பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அது மைத்துனியான எனக்காம்.

எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். நினைவு தடுமாறியவராம்! பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில், கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, மூச்சுவிட்டால் பறந்துவிடும் திருகாணிகளோடு மல்லுக்கட்டிய பெண் நீங்கள். யாருக்கு எப்போது பிறந்தநாள், எந்த வீட்டில் யார் யாரோடு கதைப்பதில்லை என்பதெல்லாம் உங்களைக் கேட்டால்தான் எங்களுக்குத் தெரியும். ஒருநாள் நான் சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, "குளிர்ப்பெட்டிக்கு மேல பாரும்" என்று தொலைபேசியிலேயே சொன்னீர்கள். அங்கேதான் இருந்தது.

ஆனால் அண்ணையை எப்படி வெறுப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர். முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு வேலை தேடித் தந்தவர். என் மனுசன் செத்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் தலையில் போட்டுச் செய்தவர். என் விசயத்தில் நேற்றுவரை அவர் பொய் சொல்லி நான் அறியேன். ஒரே ஆள் எனக்கு அப்படியும் உங்களுக்கு இப்படியும் இருந்திருக்கிறார். இதை எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

அவர் எங்கடின் மலைப்பக்கத்து ஹோட்டல் சமையலறைகளில் வேலைக்கு நின்ற வருடங்களை நினைத்துப் பார்க்கிறேன். பனிக்காலத்துக்கு ஒருமுறை, கோடைக்கு ஒருமுறை மலை ரயிலேறிப் போய்விடுவார். வீடு உங்களுடையதாக இருந்தது. மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனீர்கள், ஆசிரியர்களோடு சண்டை பிடித்தீர்கள், தொழிற்சாலைப் பெண்களிடமிருந்து பிரெஞ்சைப் பொறுக்கி எடுத்தீர்கள். தொழிற்சாலையில் ஒரு வேலைமேசைக்குப் பொறுப்பாளராக உங்களைப் போட்டபோது எனக்கு ரோல்ஸ் செய்து கொண்டுவந்து தந்தது இன்னும் நாக்கில் நிற்கிறது. பிறகு அண்ணையின் முழங்கால் பழுதாகி அவர் நிரந்தரமாக வீட்டுக்கு வந்தார். உங்களுக்கு மறதி தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மறதி என்று நான் சொல்லவில்லை, அவர் சொன்னார். "நேற்று உமக்குச் சொன்னனான், மறந்திட்டீர்." "இந்தச் சனிக்கிழமை வேலைக்குப் போறேல்லை எண்டு நீர்தானே ஒத்துக்கொண்டனீர்." குரலை உயர்த்தவே மாட்டார். அவ்வளவு பாசமாகச் சொல்வார். நீங்கள் முகத்தைச் சுருக்கி யோசிப்பீர்கள், யோசித்துவிட்டு, "அப்பிடியே சொன்னனான்?" என்று கேட்பீர்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நாங்கள் இருவரும் படம் பார்க்கத் தொடங்கினோம். ஞாயிறு பின்னேரங்களில் ஒரு சிறிய திரையரங்கில் பழைய அமெரிக்கப் படங்களை வருட வரிசைப்படி போட்டார்கள். கறுப்பு வெள்ளைத் திரை, கீழே ஜெர்மனில் ஒரு வரி, பிரெஞ்சில் ஒரு வரி. நான் மேல் வரியை வாசிப்பேன், நீங்கள் கீழ் வரியை. சில பகிடிகளுக்கு நான் சிரித்து முடித்த பிறகு நீங்கள் சிரிப்பீர்கள். படம் பார்க்க வந்த பாதிச் சனத்துக்கு முதுகு நேராக நிமிராது. எங்களுக்குத்தான் அங்கே வயது குறைவு.

முதல் வாரங்களில் பார்த்த பெண்கள் உங்களை மயக்கிவிட்டார்கள். காற்சட்டை போட்டுக்கொண்டு பத்திரிகை அலுவலகத்தில் ஆண்களை விரட்டுவார்கள். ஆண் ஒரு வார்த்தை பேசினால் இவர்கள் பத்து வார்த்தை பேசுவார்கள். பிறகு யுத்தம். பெண்கள் லொறி ஓட்டினார்கள், தொழிற்சாலைக்குப் போனார்கள். யுத்தம் முடிந்து ஆண்கள் வீடு திரும்பிய பிறகு வந்த படங்களில் நீங்கள் அமைதியாகிவிட்டீர்கள். அதே நடிகைகள்தான். இப்போது பெரிய வீட்டில், நீண்ட உடுப்போடு, எதையோ தேடிக்கொண்டு திரிந்தார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னீர்கள்: "இஞ்ச பாரும், இவள் முந்தின படத்தில முழுப் பேப்பரையும் தனிய நடத்தினவள். இப்ப கைலேஞ்சி வைச்ச இடம் தெரியாமல் அழுறாள். இடையில என்ன நடந்தது இவளுக்கு?"

"வயசு போட்டுது போல" என்றேன் நான்.

"வயசோ? மனுசன் வீட்ட வந்திட்டான்." சிரித்தீர்கள். பிறகு, "உங்கட அண்ணையும் எங்கடினால திரும்பி வந்தவர்தானே" என்று சொல்லிவிட்டு வீதியைப் பார்த்தீர்கள்.

அந்த நாய்ப் படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பெயர் எனக்குத் தங்கவில்லை. கணவன் மனைவியின் நாயை ஒருவருக்கும் தெரியாமல் கொண்டுபோய் எங்கோ கொடுத்துவிடுகிறான். அவள் தேடும்போது, "எங்களிடம் நாயே இருந்ததில்லையே, கண்ணே" என்கிறான். வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள். அவள் மேலே உடுத்திக்கொண்டிருக்க, அவன் முன்னாலேயே கீழே இறங்கிப் போய், "அவள் நாயைப் பற்றிப் பேசினால் பெரிதுபடுத்தாதீர்கள்" என்று எல்லோருக்கும் சொல்லி வைக்கிறான். அவள் இறங்கி வந்து நாயைப் பற்றி ஒரு சொல் சொல்கிறாள். எல்லோரும் தட்டைப் பார்க்கிறார்கள்.

என் கையை நீங்கள் இறுக்கிப் பிடித்தீர்கள். வலித்தது. "அவன் முதல் கதைச்சிட்டான்" என்றீர்கள். "அவ்வளவுதான் விசயம். அவன் முதல் போய்க் கதைச்சிட்டான்."

பீல் ஊரின் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? இங்கே யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவருடைய மொழியில்தான் மற்றவர் பதில் சொல்வார். கடையிலும் அப்படித்தான், அரசாங்கக் கந்தோரிலும் அப்படித்தான். முதல் வணக்கம் ஜெர்மன் என்றால் முழுக் கதையும் ஜெர்மன். அண்ணைக்கு ஜெர்மன், உங்களுக்கு பிரெஞ்சு. வைத்தியரிடம், வங்கியில், மகளின் பட்டமளிப்பில்கூட, எப்போதும் ஒரு அடி முன்னால் போய்க் கதவைத் திறந்து, ஜெர்மனில் வணக்கம் சொன்னவர் அவர். மனைவிக்குக் கதவு திறந்துவிடும் நல்ல மனிதர் என்று நாங்களும்தான் மெச்சினோம்.

அன்று அந்த நாய்ப் படம் முடிந்து நாங்கள் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணை குசினியில் நின்றார். "அடுப்பைப் போட்டபடி விட்டிட்டுப் போட்டீர். நான் வந்திராட்டி வீடு எரிஞ்சிருக்கும்" என்றார். படத்துக்குப் போகமுன் அங்கே தேத்தண்ணீர் ஊற்றியவள் நான். அடுப்பை நிறுத்தியவளும் நான்.

"இல்லை அண்ணை, நான்தானே நிப்பாட்டினனான்" என்றேன்.

அவர் என் தலையைத் தடவினார். "நீ பாவம், இவவைக் காப்பாத்தப் பாக்கிறாய்."

திரும்பி உங்களைப் பார்த்தேன். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. உங்களுக்குப் பைத்தியம் இல்லை என்பது அந்த நொடியில்தான் உங்களுக்கே நிச்சயமாயிற்று என்று நினைக்கிறேன். என்னை வழியனுப்பப் படிக்கட்டு வரை வந்து, அங்கே வைத்து வாக்கு வாங்கினீர்கள்.

"பிள்ளைக்கு ஒண்டும் சொல்லப்படாது. நான் இருந்தாலும் செத்தாலும். அவளுக்குத் தகப்பன் வேணும்."

"நீங்கள் வெளிக்கிட்டு என்னோட வாங்கோ மச்சாள்."

"வந்தால் சனம் என்ன சொல்லும்? விசரி ஓடிப்போட்டாள் எண்டுதான் சொல்லும். நான் இருந்து பாக்கிறன். உந்தப் படங்கள் எல்லாத்திலயும் கடைசியில ஒரு ஆம்பிளை வந்துதான் அவளுக்குச் சொல்ல வேணும், உனக்குப் பைத்தியம் இல்லை எண்டு. அது எனக்குப் பிடிக்கேல்லை."

எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் யாராவது வந்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது, மச்சாள்.

அதற்கடுத்த வைத்தியர் நாளுக்கு நானும் வந்தேன். அண்ணை காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். வைத்தியர் கதவைத் திறந்ததும் நீங்கள் "போன்ஜூர்" என்று தொடங்கினீர்கள். தொடங்கியவர் நிறுத்தவில்லை. அண்ணை மூச்சுவாங்க உள்ளே வந்தபோது அறை முழுக்க பிரெஞ்சாக இருந்தது. ஜெர்மனில் அவர் சொன்ன வணக்கம் அப்படியே அந்தரத்தில் நின்றது. அவ்வளவு காலமும் வைத்தியரிடம் அவர் என்ன சொல்லி வந்தார் என்பதை வைத்தியரே உங்களுக்குச் சொன்னார். வழி தவறிப் போகிறீர்களாம், மகளின் பெயர் மறந்து போகிறதாம். பிறகு வைத்தியர், தாளில் ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, நினைவுப் பரிசோதனை செய்தார். வெளியே வந்து சிரித்த சிரிப்பில் உங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "என்னட்டப் போய் ஒரு மணிக்கூடு கீறிக் காட்டச் சொல்லுறார்! என்னட்ட!" உங்கள் நினைவில் ஒரு குறையும் இல்லை என்று வைத்தியர் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு அண்ணை, "அந்தாளுக்கு அனுபவம் காணாது" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். வேலைக்குப் போனீர்கள், வந்தீர்கள், ஞாயிறுகளில் என்னோடு படம் பார்த்தீர்கள். இதயம் நின்றுபோன அந்தக் காலையிலும் நீங்கள் வேலைக்குத்தான் வெளிக்கிட்டு நின்றீர்கள். இதெல்லாம் கல்வெட்டில் இல்லை.

இன்று காலை உங்கள் மகள் வின்டர்தூரிலிருந்து வந்தாள். என் பக்கத்தை வாங்கிக்கொண்டு போக வந்தவள், கோட்டைக் கழற்றாமல் கதிரையின் நுனியில் இருந்தாள்.

"மாமி, ஒண்டு கேக்கட்டோ? அம்மாவுக்கு இருந்த மறதி வருத்தம் எனக்கும் வருமோ?"

"ஏனடி அப்பிடிக் கேக்கிறாய்?"

"கல்வெட்டில அந்த வரி போடுறது எனக்கு விருப்பமில்லை எண்டு அப்பாட்டச் சொன்னன். நீதானே போடச் சொன்னனீ எண்டுறார். போன கிழமை தானும் நானும் இருந்து கதைச்சு முடிவெடுத்ததாம். மாமி, எனக்கு அப்பிடி ஒரு கதை நடந்ததே ஞாபகம் இல்லை. நான் டொக்டரிட்ட நாள் எடுத்திட்டன்."

உங்களுக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் முடிந்தது, மச்சாள். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்: எங்கடின், ஞாயிற்றுக்கிழமைகள், அடுப்பு, வைத்தியர். முடிவில், "அப்ப நான் சொல்லேல்லையோ?" என்று மட்டும் கேட்டாள். சின்னப் பிள்ளையின் குரல் அது. "நீ சொல்லேல்லையடி" என்றேன். கோட்டோடு அப்படியே என் மடியில் சரிந்து அழுதாள். அவள் பிறந்ததிலிருந்து அவளை நான் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததில்லை. தகப்பனை அவளிடமிருந்து பறித்துவிட்டேனோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவள் போன பிறகு என் பக்கத்தை எழுதினேன். கடைசி நாள்வரை எல்லாம் நினைவில் வைத்திருந்தவர், அதற்கு நான் சாட்சி என்று எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

சற்று முன்னர் அண்ணை தொலைபேசி எடுத்தார். கோபமே இல்லை. எவ்வளவு மிருதுவான குரல்! "தங்கச்சி, நீ நல்லாக் களைச்சுப் போனாய். மச்சாள் போனதில உனக்கு எல்லாம் குழம்பிப் போச்சு. அந்த அடுப்பு விசயம் நடந்த அண்டைக்கு நீ எங்கட வீட்டுக்கு வரவே இல்லை, யோசிச்சுப் பார்."

நான் யோசித்துப் பார்த்தேன். அதுதான் இந்த மடலை எழுதக் காரணம். உண்மையிலேயே, தொலைபேசியைக் காதில் வைத்தபடி, அன்று நான் வந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த நான், ஒரு கணம் அவரை நம்பினேன். நீங்கள் இத்தனை வருடம் இருந்த இடம் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது, மச்சாள். படம் பார்த்தும் விளங்கவில்லை, உங்களைப் பார்த்தும் விளங்கவில்லை.

"களைச்சுத்தான் போனன் அண்ணை" என்றேன். "ஆனா நான் வந்தனான்."