இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள சின்னையா அண்ணனுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. கீரனூரில் எல்லோரும் சுகம். சந்தைக்குப் போனால் இன்னமும் யாராவது, "கப்பக்காரரு தம்பிதானே?" என்கிறார்கள். நானும் அதே கப்பலில் இருந்தவன்தான் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்தப் பெயர் உன்னிடமே இருக்கட்டும்.

நம் கப்பலை நினைக்காத நாளில்லை அண்ணே. அடி தட்டை. துறைமுகமே வேண்டாம். கரையில் ஏறி மூக்கைத் திறந்தால் லாரிகளும் டாங்கிகளும் நேராக மணலில் இறங்கும். சின்ன அலைக்கே அது உருளுகிற உருளலைப் பார்த்து, "கப்பலாடா இது, எரும" என்பாய். யுத்தக் காலத்தில் பர்மாக் கரைக்கு எத்தனை நடை போயிருப்போம்? போகும்போது பட்டாளம், திரும்பும்போது காயம்பட்டவர்கள். எஞ்சின் அறைச் சூட்டில் என்னோடு நின்ற குடுமியான்மலை முத்தையாவுக்கு மகளைப் பற்றித்தான் பேச்சு. மீனாளின் பாதத்தை மையில் தோய்த்துக் கடிதத்தில் பதித்து அனுப்பியிருந்தார்கள். அதைக் காட்டாத ஆள் கப்பலில் இல்லை.

அன்று மத்தியானம் கடலுக்குள் கிடந்த கண்ணிவெடியில் மோதினோம். எஞ்சின் அறைக்குள் தண்ணீர் பாய்ந்தது. மேலே கதவருகில் நீ நின்றாய். தண்ணீரை அங்கேயே நிறுத்தினால்தான் கப்பல் கொஞ்ச நேரமாவது மிதக்கும், கதவை மூடு என்று அதிகாரி கத்தினார். நான் ஏணியேறி வெளியே விழுந்தேன். நீ இரும்புக் கதவை இழுத்துத் திருகினாய். அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

திறந்திருந்தால் எல்லோரும் போயிருப்போம். படகுகள் இறங்கி முடியும்வரை கப்பல் மிதந்தது. அப்புறம் மூக்கைத் தூக்கிக்கொண்டு அமுங்கிப் போனது. எல்லோரும் அதையே பார்க்க, நீ உன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நாம் ஊர் திரும்பினோம். முதல் வேலையாக முத்தையா வீட்டுக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் நான் கெஞ்சினேன்.

"கதவு விசயத்த மட்டும் சொல்லாதண்ணே. வெடிச்ச ஒடனே போயிட்டாருன்னு சொல்லிருவோம்."

நீயும் தலையாட்டினாய். ஆனால் முத்தையாவின் மனைவி பாக்கியம், "கடைசியா அவுக எப்படிங்க இருந்தாக?" என்று கேட்டதும் உன்னால் முடியவில்லை.

"கதவச் சாத்துனது நாந்தாம்மா. உள்ள இருந்து தட்டுனாரு. நான் தொறக்கல."

அவள் மீனாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். பிறகு பதின்மூன்று வருஷம் அந்தப் பக்கம் நீ காலெடுத்து வைக்கவில்லை. பாக்கியமே ஒருநாள் தேடி வந்தாள். நீ படுக்கையில் இருந்தாய்.

"கோவம் இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேண்ணே. ஆனா சர்க்கார் கடுதாசியில கப்பல் போச்சுன்னு மட்டுந்தான் இருந்துச்சு. நெசத்தச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தருதான். எனக்குக் கூடப்பொறந்தவுக இல்ல. மீனா கல்யாணத்துக்குத் தாய்மாமனா வந்து நில்லுங்க."

அந்த உடம்போடு போய் நின்றாயே. மாலையை நீதான் எடுத்துக் கொடுத்தாய். அடுத்த மாதமே நீ கண்ணை மூடிவிட்டாய்.

இப்போது மீனாளுக்குப் பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை காதுகுத்து. உன் இடத்தில் நான் வந்து பிள்ளையை மடியில் வைக்க வேண்டுமென்று பாக்கியம் சொல்லியனுப்பியிருக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம்கூட நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்று ஏணியில் முதலில் கால் வைத்தவன் முத்தையா. என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினான். "நீ மொதல்ல ஏறுடா" என்று முதுகில் கை கொடுத்துத் தள்ளினான். நீ ஒரு பாரத்தை ஒற்றை ஆளாகச் சுமந்த அத்தனை வருஷமும் நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு இருந்தேன். யாருக்குப் பயந்தேன், உனக்கா, பாக்கியத்துக்கா?

வெள்ளிக்கிழமை மடியில் பிள்ளையை வாங்குவதற்கு முன்னால் பாக்கியத்திடம் இதைச் சொல்லிவிடுவேன் அண்ணே. அதைக் கேட்ட பிறகும் அவள் பிள்ளையை நீட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

உன் சித்தப்பா மகன்,
உன்னால் கரை சேர்ந்த தம்பி